திறந்தால் திறந்தபடி கிடக்கும் புத்தகம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பெரியப்பா வீட்டு மேசையில் நானே கையால் கட்டிய கணக்குப் புத்தகத்தை வைத்து நடுப்பக்கத்தைத் திறந்தேன். முதுகுப் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. இரண்டு பக்கமும் மேசையோடு படிந்து கிடந்தன. மேலே கைபேசியோ கண்ணாடிக் கூடோ வைக்கவில்லை. பெரியப்பா உள்ளங்கையை நடு மடிப்பின்மேல் மெல்ல ஓட்டிப் பார்த்தார். "இதுதான்டா தம்பி. ஆபீசுப் புத்தகம் இப்படித்தான் கெடக்கும்" என்றார். இதற்கு எனக்குப் பதினோரு மாதம் ஆனது. மூன்று முறை செய்தேன், இரண்டு முறை தோற்றேன். அந்த மூன்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில். பெரியப்பா எங்கள் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலின் பொருளாளர். ரப்பர் தோட்டம் செம்பனைக்கு மாறிவிட்டது, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயன் வீடுகளும் இல்லை. கோயில் இருக்கிறது, வருடா வருடம் ஆடியில் திருவிழா நடக்கிறது, கணக்கை அவர் எழுதுகிறார். கடையில் வாங்கும் தடிமன் அட்டைப் புத்தகங்கள் ஒரு திருவிழாவுக்குக்கூடத் தாங்கவில்லை. அவற்றுக்குத் தையல் கிடையாது. தனித்தனித் தாளாக அடுக்கி முதுகில் சூடான பசையை ஊற்றி ஒட்டியிருப்பார்கள். நடுவில் அழுத்தித் திறந்தால் முதுகு பிளந்துவிடும். போன ஆடியில் நன்கொடைப் பக்கங்கள் பன்னிரண்டு கழன்று, மழைக்காற்றில் பந்தலுக்கு வெளியே பறந்தன. பத்துதான் திரும்பக் கிடைத்தன. பெரியப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. அடுத்த வருடக் கணக்குக்கு நானே புத்தகம் கட்டித் தருகிறேன் என்று அன்று சொன்னேன்.

முதல் முயற்சி ரப்பர் பாலில். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது முதலில் வென்றதுபோல் இருந்தது. அம்மா முப்பது வருடம் மரம் சீவியவர். சின்ன வயதில் நாங்கள் கிழிந்த பாடப்புத்தகத்தைப் பாலைத் தொட்டுத்தான் ஒட்டினோம். அந்த நினைவில், இன்னும் சில ஏக்கர் ரப்பர் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் அரை போத்தல் பால் வாங்கினேன். சாதாரண ஏ4 நகல் தாளை இரண்டாக வெட்டி 200 தாள் அடுக்கினேன். இரு பலகைக்கு நடுவே வைத்து இறுக்கினேன். முதுகைப் பட்டைத்தாளால் சொரசொரப்பாகத் தேய்த்து, தூரிகையால் இரண்டு பூச்சுப் பால், நடுவில் ஒரு சல்லாத் துணி. மறுநாள் அது அழகாகத் திறந்தது. ரப்பர் வளைந்து கொடுப்பதால் எந்தப் பக்கத்தில் திறந்தாலும் தட்டையாகப் படிந்தது. ஒரு வாரம் அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் மாதம் முதுகு மஞ்சளானது. மூன்றாம் மாதம் பழுப்பாகி, மதிய வெயில் நேரத்தில் விரலில் பிசுபிசுத்தது. அப்புறம் ஓரங்கள் காய்ந்து நொறுங்க, தாள்கள் ஒவ்வொன்றாகக் கையோடு வந்தன. கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தாத ரப்பர் காற்றுப் பட்டுக் கெடும். மரத்திலும் கோப்பையிலும் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். பிறகு படித்தபோது இன்னொன்று தெரிந்தது. 1836இல் லண்டனில் வில்லியம் ஹான்காக் என்பவர் இதே முறைக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். தையல் இல்லாமல், தனித்தாள்களின் முதுகில் ரப்பர் கரைசல் பூசும் முறை. படங்கள் நிறைந்த பெரிய புத்தகங்களை அப்படிக் கட்டினார்கள். அவையும் அழகாகத் திறந்தன, அவையும் காலப்போக்கில் ரப்பர் கெட்டுத் தாள் தாளாக உதிர்ந்தன. அப்போது மலாயாவில் ஒரு ரப்பர் மரம்கூடக் கிடையாது. எங்களுக்குப் பக்கத்துக் கோலகங்சாரில் முதல் கன்றுகளை நட்டது 1877இல்தான்.

இரண்டாவது முயற்சி டிசம்பரில். இந்த முறை தைப்பது என்று முடிவு செய்தேன். ஏ4 தாளை நான்கு நான்காக நடுவில் மடித்தால் எட்டுத் தாள், பதினாறு பக்கம் கொண்ட ஒரு கட்டு கிடைக்கும். அச்சகத்தில் இதை ஃபாரம் என்பார்கள். பன்னிரண்டு ஃபாரம் மடித்தேன். நூல்தான் முதல் தொல்லை. கோயிலில் பூக்கட்டும் நூல் இரண்டாவது ஃபாரத்திலேயே அறுந்தது. மீன்பிடிக்கும் நைலான் நூல் அறவில்லை, ஆனால் இழுக்க இழுக்க நீண்டது, விட்டால் சுருங்கித் தாளை மடிப்போடு அறுத்தது. எப்படியோ தைத்து முடித்தேன். கோதுமை மாவுப் பசை காய்ச்சி முதுகில் தாராளமாகப் பூசினேன், அட்டையையும் அதே பசையால் ஒட்டினேன். ஈரம் உறிஞ்சப் பழைய தமிழ்ப் பத்திரிகைத் தாளைச் செருகி, பலகைக்கு நடுவே இறுக்கி, ஒரு வாரம் தொடாமல் விட்டேன்.

அந்த வாரம் முழுக்க மழை. பிரித்தபோது நான்கு கோளாறு ஒன்றாகத் தெரிந்தன. அட்டையின் உள்பக்கம் சாம்பல் பச்சையாகப் பூஞ்சணம். பத்திரிகையின் மை முதல் தாளில் இடம் வலமாகத் திரும்பிப் பதிந்திருந்தது. மடிப்பை ஒட்டிய இடத்தில் தாள்கள் எல்லாம் அலையலையாக நெளிந்திருந்தன. இதெல்லாம் போகட்டும் என்று திறந்தால், பக்கங்கள் படியவில்லை. விறைப்பாக எழுந்து நின்றன. கையை எடுத்தால் புத்தகம் மூடிக்கொண்டது.

நெளிவுக்கும் விறைப்புக்கும் காரணம் ஒன்றே, தாளின் இழை. தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். மூங்கிலைப் போல, இழையோட்டத்தோடு சேர்ந்த திசையில் சுலபமாக மடியும், குறுக்கே முரண்டு பிடிக்கும். ஈரம் பட்டால் இழைக்குக் குறுக்கேதான் விரியும். புத்தகத்தில் இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். கடையில் கிடைக்கும் ஏ4 நகல் தாளில் இழை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுகிறது. அதைப் பாதியாக மடித்தால் மடிப்பு இழைக்குக் குறுக்கே விழுகிறது. நான் வாங்கிய தாளும் அப்படித்தான். ஒரு ரீம் தாள் வாங்கும் முன் ஒரு நிமிடம் இதைப் பார்த்திருந்தால் டிசம்பர் மாதம் மிச்சமாகியிருக்கும்.

பார்ப்பது சுலபம். தாளிலிருந்து ஒரு அங்குல அகலத்தில் இரண்டு பட்டை வெட்டுங்கள், ஒன்று நீளவாக்கில், ஒன்று அகலவாக்கில். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஒரு முனையைப் பிடித்தால் ஒன்று தொங்கும், ஒன்று விறைப்பாக நிற்கும். விறைப்பாக நிற்பதில் இழை பட்டையின் நீளத்தோடு ஓடுகிறது.

பூஞ்சணத்துக்குப் பெரியப்பா ஒரு வழி சொன்னார். அந்தக் காலத்தில் பசையில் மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட், கலப்பார்களாம், பூச்சியும் அண்டாது, பூஞ்சணமும் பிடிக்காது. உண்மைதான். ஆனால் அது விஷம். பக்கத்தைப் புரட்ட விரலை நாக்கில் தொடுபவர்கள் எங்கள் கோயிலில் நிறையப் பேர். செம்பு நாளடைவில் தாளையும் அரிக்கும். அதனால் அந்த வழி வேண்டாம் என்று விட்டேன்.

மூன்றாவதைத் தொடங்கும் முன் பெரியப்பாவின் பீரோவில் இருந்த பழைய கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். 1971இல் தோட்டத்து ஆபீசில் எழுதாமல் மிஞ்சியதை அங்கிருந்த எழுத்தர், நாங்கள் சொல்வது கிராணி, கோயிலுக்குக் கொடுத்தாராம். 2009 வரை அதில் எழுதியிருக்கிறார்கள். 1975இல் டாலர் போய் ரிங்கிட் வந்தது. நாங்கள் இரண்டையும் வெள்ளி என்றுதான் சொல்வோம், பெரியப்பாவின் கையெழுத்திலும் முன்னும் பின்னும் 'வெள்ளி' என்றே இருக்கிறது. அட்டை கழன்று தொங்கியதால்தான் அதை ஓரங்கட்டினார்கள். உள்ளே தையல் இன்றும் உறுதி. "எழுத்து இருக்கிற தாளத் தொடாத. மத்தத என்ன வேணா பண்ணிப் பாரு" என்றார்.

முதுகுத் தோலை விலக்கியதும் உள்ளே நான் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. பாதிக் குழாய்போல் வளைந்த ஒரு கெட்டிப் பட்டை. பல தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி வளைத்துக் காயவைத்தது. விரலால் விரித்தால் விரிந்தது, விட்டால் 'டக்' என்று பழைய வளைவுக்குத் திரும்பியது. அது ஒரு வில். அட்டையைத் திறக்கும்போது அட்டையோடு சேர்ந்த மெல்லிய பலகைகள் இரண்டு இந்த வில்லின் வாயை நெம்பித் திறக்கின்றன. ஒரு கட்டத்தில் வில் எம்பி, தாள்களின் முதுகை மேலே தூக்குகிறது. முதுகு உயர்ந்ததும் இருபுறமும் பக்கங்கள் சமமாகப் படிகின்றன. 1799இல் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார்கள். கணக்குப் பேரேடுகளுக்காகவே செய்த முறை. படிக்கிற புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொள்ளலாம். எழுதுகிற புத்தகத்தில் ஒரு கை பேனாவிலும் ஒரு கை ரசீதிலும் இருக்கும். புத்தகம் தானாகத்தான் கிடக்க வேண்டும். எனக்கு வேண்டியது இதுதான் என்று அங்கேயே முடிவானது.

தாளுக்கு ஈப்போ போனேன். தாள் மொத்த வியாபாரக் கடையில் 'சிமிலி' என்று கேட்டால் தருவார்கள், அச்சகத்துக்குப் போகும் சாதாரண வெள்ளைத் தாள். சதுர மீட்டருக்கு 100 கிராம் கனம், 25க்கு 36 அங்குலப் பெரிய தாள், 15 வாங்கினேன். கடையிலேயே பட்டை வெட்டிப் பார்த்தேன், இழை 36 அங்குலப் பக்கமாக ஓடியது. அதன்படி கணக்குப் போட்டேன். 36ஐ நான்காகவும் 25ஐ இரண்டாகவும் வெட்டினால் 12½க்கு 9 அங்குலத்தில் எட்டுத் துண்டு. 12½ஐப் பாதியாக மடித்தால் 6¼க்கு 9 அங்குலப் பக்கம், மடிப்பு இழையோடு இணை. ஃபாரத்துக்கு நான்கு துண்டு, 24 ஃபாரம், 96 துண்டு. 12 பெரிய தாள் போதும். மூன்று தாள் மிச்சமானது நல்லதாயிற்று, ஐந்து துண்டு மடிக்கும்போதே பாழானது. வெட்டியது எங்கள் டவுனில் உள்ள சீனர் அச்சகத்தில். தவுக்கே, அதாவது கடை முதலாளி, 3 வெள்ளி வாங்கிக்கொண்டு இரண்டு நிமிடத்தில் வெட்டித் தந்தார்.

மடிக்க முதலில் கரண்டியின் முதுகைப் பயன்படுத்தினேன். அது தாளில் பளபளப்பான கோடு விட்டது. மூங்கில் பட்டை ஒன்றைச் சீவி, பட்டைத்தாளால் வழவழப்பாகத் தேய்த்துக்கொண்டேன், இன்றுவரை அதுதான். மடித்த 24 ஃபாரத்தையும் இரண்டு ரப்பர் மரப் பலகைக்கு நடுவே நான்கு சி-கிளாம்ப் போட்டு ஓர் இரவு முழுக்க இறுக்கினேன். பலகை பழைய அலமாரியின் தட்டு. வார்னிஷ் போன இடத்தில் ஈரம் பட்டால் ரப்பர் மரம் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும், அதனால் பலகைக்கும் தாளுக்கும் இடையில் பிளாஸ்டிக் தாள் வைத்தேன்.

துளைகளுக்கு அளவு முக்கியம். பக்க உயரம் 228 மி.மீ. மேலிருந்து 16, 49, 65, 106, 122, 163, 179, 212 என்று எட்டுத் துளை. முதலும் கடைசியும் ஃபாரங்களை ஒன்றோடொன்று கோக்கும் முடிச்சுக்கு. நடுவில் உள்ள மூன்று சோடியும் நாடாவுக்கு. நாடா வேறெங்கும் தேடவில்லை, துணிக்கடையில் விற்கும் 15 மி.மீ. பருத்திப் பாவாடை நாடாதான். ஒரு அட்டைப் பட்டையில் அளவுகளைக் குறித்து, ஒவ்வொரு ஃபாரத்தின் உள்மடிப்பிலும் வைத்துக் குத்தூசியால் குத்தினேன். மொத்தம் 192 துளை. குத்தூசியை மடிப்பின் நேர்நடுவில் இறக்க வேண்டும். இரண்டு ஃபாரத்தில் ஒரு மி.மீ. தள்ளிப் போய்விட்டது, தைத்த பிறகும் அந்த இடம் பிதுங்கித் தெரிகிறது.

நூல் இணையத்தில் வாங்கிய லினன், 18/3 என்ற கனம். புத்தகம் தைக்கவே விற்பது. ஒரு உருண்டை 32 வெள்ளி. விலை கூடுதல்தான், ஆனால் நூலில் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பேன். ஒரு புத்தகத்துக்கு ஆறேழு மீட்டர்தான் செலவாகிறது, உருண்டை பல புத்தகத்துக்கு வரும். தேன்மெழுகில் மூன்று முறை இழுத்துக்கொண்டால் முடிச்சு விழாமல் ஓடும்.

தையல் சட்டம் என்று ஒன்று விற்கிறார்கள். நான் சமையலறை முக்காலியைக் கவிழ்த்து, அதன் கால்களுக்குக் குறுக்கே ஒரு கம்பைக் கட்டி, மூன்று நாடாவையும் கம்புக்கும் முக்காலிப் பலகைக்கும் இடையில் விறைப்பாகக் கட்டினேன். ஃபாரத்தைப் பலகைமேல் வைத்து, ஊசி உள்ளே போய், நாடாவுக்கு முன் வெளியே வந்து, நாடாவைச் சுற்றி உள்ளே போய், கடைசித் துளையில் வெளியே வந்து, அடுத்த ஃபாரம். மூன்றாவதிலிருந்து ஒவ்வொரு முனையிலும் கீழ்த் தையலில் ஊசியை நுழைத்து முடிச்சு. நூலை இழுக்கும்போது மடிப்போடு சேர்ந்த திசையில் இழுக்க வேண்டும். மேலே தூக்கி இழுத்தால் தாள் துளையிலிருந்து கிழியும். இதை ஐந்தாவது ஃபாரத்தில் கற்றேன், அந்த ஃபாரத்தை மாற்ற வேண்டியதாயிற்று. இரண்டு இரவு, ஏறக்குறைய ஐந்து மணி நேரம். வேலை முடிந்து வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு, மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து தைத்த அந்த ஐந்து மணி நேரம் எனக்கு இந்த வருடத்தின் மிக நல்ல நேரம்.

தைத்து முடித்ததும் முன்விளிம்பில் 24 மி.மீ., முதுகில் 31 மி.மீ. நூலின் கனம் மடிப்பில் சேர்ந்துகொண்டே போவதால் இப்படி. கிளாம்பில் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி முதுகை 28க்குக் கொண்டுவந்தேன்.

பசையில் இந்த முறை நிதானமாக நடந்தேன். 50 கிராம் கோதுமை மாவு, 250 மில்லி தண்ணீர், சிறு தீயில் கிண்டிக்கொண்டே கண்ணாடிபோல் ஆகும்வரை. ஆறியதும் மெல்லிய துணியில் பிழிந்து வடிகட்டினேன். இரண்டு சொட்டுக் கிராம்பு எண்ணெய் சேர்த்தேன். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சினேன், மிச்சத்தை வைத்துக்கொள்ளவில்லை. தாள்களின் முதுகில் முதல் பூச்சு இந்த மாவுப்பசை மட்டும்தான். கடையில் விற்கும் வெள்ளைக் கோந்து உறுதியாக நிற்கும், பூஞ்சணமும் அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் காய்ந்தால் தண்ணீரில் மறுபடி கரையாது. நாற்பது வருடம் கழித்து யாராவது இந்தப் புத்தகத்தைப் பிரித்துத் தைக்க நினைத்தால் முதுகை நனைத்துச் சுத்தம் செய்ய முடிய வேண்டும். கிராணி கொடுத்த புத்தகத்தில் எனக்கு அது முடிந்தது. துணிக்கும் அட்டைக்கும் மட்டும் மாவுப்பசையும் வெள்ளைக் கோந்தும் பாதிக்குப் பாதி கலந்து பூசினேன்.

பசை முக்கால்வாசி காய்ந்ததும் மறுபடி தவுக்கேயிடம். மூன்று பக்கமும் சமமாக வெட்ட 5 வெள்ளி. உயரம் 222, அகலம் 154 மி.மீ. ஆனது. தவுக்கே தையலைப் புரட்டிப் பார்த்து, கையால் தைத்ததா என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றதும் தன் அப்பா காலத்தில் இதே கடையில் இரண்டு பேர் உட்கார்ந்து தைப்பார்கள் என்றார். அன்றைக்குக் காசு வேண்டாம் என்றார், நான் வற்புறுத்திக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து முதுகை லேசாக ஈரமாக்கி, முன்விளிம்பைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளிக்கொண்டே சுத்தியலால் தட்டி வட்டமாக்கினேன். வட்டம் நின்றதும் சல்லாத் துணி, அதன்மேல் நாடாக்களுக்கு இடையில் காடாத் துணிப் பட்டைகள்.

இனி வில். கெட்டியான பழுப்புத் தாளைப் புத்தகத்தின் உயரத்துக்கே, அதாவது 222 மி.மீ.க்கு வெட்டிக்கொண்டேன். நனைத்து, பசை பூசி, குழாயைச் சுற்றி எட்டு அடுக்கு. மேலே பழைய வேட்டிக் கிழிசலால் கட்டுப் போடுவதுபோல் இறுக்கிச் சுற்றிக் காயவைக்க வேண்டும். முதலில் கையில் கிடைத்த ஒரு அங்குலத் தண்ணீர்க் குழாயில் சுற்றினேன். அதன் வெளிவிட்டம் 33 மி.மீ.க்கு மேல். நான்கு நாள் காய்ந்த பிறகு முதுகில் போட்டால் தொளதொளவென்று ஆடியது. வில் புத்தகத்தைவிடச் சின்னதாக இருந்தால்தான் கவ்வும். முக்கால் அங்குலக் குழாயை அளந்தேன், வெளிவிட்டம் 26 மி.மீ.க்குச் சற்று மேல். மறுபடி எட்டு அடுக்கு, மறுபடி நான்கு நாள். குழாயில் முதலில் மெழுகு தடவிய தாளைச் சுற்றியிருந்ததால் வில் சுலபமாகக் கழன்றது. நீளவாக்கில் வெட்டி, பாதி வட்டத்தைவிட இரண்டு பக்கமும் 6 மி.மீ. கூடுதலாக இருக்கும்படி ஓரத்தைச் சீவினேன். விரித்து விட்டபோது அந்தப் பழைய 'டக்' கேட்டது. அம்மா அடுப்படியிலிருந்து "என்னடா ஒடஞ்சுது?" என்று கேட்டார்.

வில்லை நெம்பும் பலகைகள் 1 மி.மீ. அட்டை, முதுகு ஓரத்திலிருந்து 3 மி.மீ. விட்டு முதல் தாளிலும் கடைசித் தாளிலும் ஒட்டியவை. நாடா முனைகளும் சல்லாவும் அதற்குள் அடங்கும். வெளி அட்டை 2 மி.மீ.யும் 1 மி.மீ.யும் ஒட்டியது, முதுகுப் பக்கம் மட்டும் 35 மி.மீ. ஒட்டாமல் வாய் திறந்திருக்கும். அந்த வாய்க்குள் நெம்புபலகையைச் செருகி ஒட்ட வேண்டும். வில்லின் ஓரத்துக்கும் அட்டைக்கும் இடையில் ஒரு பள்ளம் விட வேண்டும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று 4 மி.மீ. விட்டேன். துணி போர்த்துமுன் சோதித்தது நல்லதாயிற்று, அட்டை பாதிக்குமேல் திறக்கவில்லை, வில்லின்மேல் முட்டியது. அட்டையைப் பிரித்து 7 மி.மீ. விட்டு மறுபடி ஒட்டினேன். பழைய புத்தகத்தை அளந்து பார்த்தால் அதிலும் 7தான். அளவுகோல் பக்கத்திலேயே கிடந்தது, முதலில் அளக்கவில்லை.

உறைக்குக் காடாத் துணி. பசை வெளியே கசியாமல் இருக்க முன்பே பின்புறம் மெல்லிய தாள் ஒட்டிக் காயவைத்தேன். போர்த்தியதும் பள்ளத்தில் சீனக் கடைச் சாப்பாட்டுக் குச்சிகளை வைத்து அழுத்தினேன். பத்திரிகைத் தாளுக்குப் பதில் அச்சடிக்காத தாள். முதல் நாள் இரண்டு மணிக்கு ஒரு முறை, பிறகு காலையும் மாலையும் தாளை மாற்றினேன். நான்கு நாள். பூஞ்சணம் இல்லை. எங்கள் ஊர் ஈரத்தில் புத்தகம் கட்ட நினைப்பவருக்கு நான் சொல்வது இதுதான்: இறுக்கி மூடிவைத்தால் காயாது, ஈரத்தை வெளியே எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். தாள் 12 வெள்ளி, வெட்டுக்கூலி 8, அட்டை 7, லினன் உருண்டை 32, தேன்மெழுகு 6, நாடா 2, காடா 8, வெள்ளைக் கோந்து 14, மாவு 3, கிளாம்ப் நான்கு 36. ஆக 128. நூலும் மெழுகும் கோந்தும் பாதிக்குமேல் மிச்சம் இருக்கின்றன, கிளாம்ப் என்றைக்கும் இருக்கும். இனி ஒரு புத்தகத்துக்கு 40 வெள்ளிக்குள் ஆகும். தோற்ற இரண்டில் ஏறக்குறைய 60 போனது.

குறையும் இருக்கிறது. பின் அட்டையின் கீழ்மூலை 2 மி.மீ. வெளிப்பக்கம் வளைந்திருக்கிறது. வெளியே துணி இழுக்கும்போது உள்ளே ஒரு தாள் ஒட்டி ஈடுகட்ட வேண்டும், பின் அட்டையில் அதைத் தாமதமாக ஒட்டினேன். அட்டைக்கும் இழை உண்டு, அதையும் வெட்டும் முன் பார்க்கவில்லை. அடுத்த முறை வில்லை முதலில் செய்வேன். காயத்தான் அதிக நாள் ஆகிறது, தைக்கும் நாட்களிலேயே அது காய்ந்துவிடும். நூல் ஒரு படி மெல்லியது எடுத்து முதுகு வீக்கத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். மூலைகளுக்குத் துணி போதாது, கோயில் மேசையில் இழுபட்டுத் தேயும். தோல் துண்டு தேடுகிறேன்.

பக்கங்களில் கோடு அடிக்கவா என்று கேட்டேன். "கோடு நான் போட்டுக்கிறேன், அந்த வேலையாவது எனக்கு விடு" என்றார் பெரியப்பா. அட்டையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்தார், அது அதிக ஈரமில்லாமல் இருக்கும்படி நான்தான் குழைத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அப்புறம் பழைய கடைப் புத்தகத்தை எடுத்து, போன வருடம் பறந்துபோய்த் திரும்பக் கிடைத்த அந்தப் பத்துப் பக்கத்து நன்கொடைகளை ஒவ்வொரு பெயராகப் படித்து இதில் எழுதத் தொடங்கினார். காணாமல் போன இரண்டு பக்கத்துக்கு ஒரு பக்கம் முழுதாக வெற்றிடம் விட்டிருக்கிறார். கொடுத்தவர்கள் திருவிழாவுக்கு வருவார்கள், கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்றார்.